செபஸ்தியார் சுரூபத்திலிருந்து எடுத்த தூள்

பிள்ளைகளே, என் மகள் ஜெசி சாகக் கிடந்தாள். ஆண்டவர் அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் இது சாட்சி ஆகாது. எழுதிப் பழக்கம் இல்லாதவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சவரிமுத்து. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மன்னார்குடி போகிற ரோட்டில் வாய்க்கால் ஓரமாக எங்கள் ஊர். வீட்டில் நான், என் மனைவி ஸ்டெல்லா, மகள் ஜெசி. இது நடந்தபோது ஜெசிக்கு ஐந்து வயது.

எங்கள் கோயிலில் ஒரு செபஸ்தியார் சுரூபம் இருக்கிறது. சிமெண்டில் செய்தது இல்லை. மரத்தில் செதுக்கி, வர்ணம் பூசியது. உங்களில் பெரிய பிள்ளைகளின் உயரம் இருக்கும். கைகளைக் கட்டிப்போட்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து, மேலே பார்த்தபடி நிற்பார். விசுவாசத்தை விடாததற்காக அம்பு எய்யப்பட்ட புனிதர் அவர். கண்கள் கண்ணாடியில் செய்தவை. சின்ன வயதில் அந்தக் கண்ணைப் பார்க்கப் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்திருக்கிறேன். கப்பலில் வந்த சுரூபம் என்பார்கள். எந்த ஊர்க் கப்பல், யார் கொண்டுவந்தது என்றால் யாருக்கும் தெரியாது. தை மாதம் திருவிழா. அதற்கு முன்னால் மார்கழியில் அவருக்குப் புது வர்ணம் அடிப்பது வழக்கம். என் கைக்கு அந்த வேலை வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த வருடம் எங்கள் பங்கு ஃபாதர் என்னைக் கூப்பிட்டு செல்போனில் சில படங்களைக் காட்டினார். மெக்சிகோ என்ற நாட்டில் உள்ள பழைய கோயில்கள். உள்ளே நம் சுரூபம் போலவே மரத்தில் செதுக்கிய புனிதர்கள். சிலருக்குக் கண்ணாடிக் கண். அங்கியில் தங்கப் பூ வேலை.

"பாருங்க சவரி. அங்கயும் நம்மள மாதிரிதான், வருசா வருசம் மேல மேல வர்ணம் அடிச்சு மொகத்தையே மூடிட்டாங்க. இப்ப வெவரம் தெரிஞ்சவங்க வந்து பாத்துப் பாத்துத் தொறக்கிறாங்க. நம்ம செபஸ்தியாருக்குள்ள என்ன இருக்கோ! நானும் ஆளக் கூட்டிட்டு வரப்போறேன். அதுவரைக்கும் நீங்க தூசிய மட்டும் தட்டுங்க. சுரண்டக் கூடாது. புரியுதா?"

"சரிங்க ஃபாதர்" என்றேன்.

சரி என்று சொன்னது வாய். மனசு சொல்லவில்லை. திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து சனங்கள் வருவார்கள். 'சவரி கை பட்டா சாமி சிரிக்கும்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். தூசியை மட்டும் தட்டிவிட்டு அழுக்குச் சாமியைச் சப்பரத்தில் ஏற்றினால் என்னைத்தானே கேட்பார்கள்? பழைய பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதன் மேல் எதை அடித்தாலும் நிற்காது. மூன்று மத்தியானம், கோயில் சாத்தியிருந்த நேரத்தில், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, தகட்டாலும் உப்புத்தாளாலும் சுரண்டினேன். மேலே இருந்த பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்கும் கீழே கெட்டியாக ஒரு வெள்ளை. அம்பு தைத்த இடங்களில் மட்டும் நல்ல சிவப்பு. அதையும் விடவில்லை. மரம் தெரிகிற வரைக்கும் எடுத்துவிட்டு, மேலே பழைய நிறத்திலேயே புதுப் பெயிண்ட் அடித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஃபாதருக்கும் தெரியவில்லை. "தொடச்சதுக்கே இப்புடிப் பளபளன்னு இருக்கே" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கீழே சாக்கு விரித்திருந்தேன். அதில் சுரண்டிய தூள் குவிந்து கிடந்தது. அதை என்ன செய்வது?

பிள்ளைகளே, நம் வீடுகளில் மந்திரித்த பொருள் எதையும் கீழே கொட்ட மாட்டோம். நவநாள் செபத்தில் வைத்த எண்ணெய், மந்திரித்த உப்பு, மாதா கெபிக் குகையில் அள்ளிய மண், காய்ந்த குருத்தோலை எல்லாம் பீடத்தில் பத்திரமாக இருக்கும். பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றால் அதில் ஒரு சிட்டிகை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். எத்தனை பேர் முத்தம் கொடுத்த உடம்பு அது! அதிலிருந்து வந்த தூளைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் அள்ளி, வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஸ்டெல்லா கேட்டாள். துடைக்கும்போது தானாக உதிர்ந்தது என்று சொன்னேன். அவள் டப்பாவைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அந்த வாரம் ஜெசிக்குக் காய்ச்சல் வந்தது. பனிக் காலம், தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்த காய்ச்சல்தான். நான் ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீரில் கலக்கி, செபம் சொல்லிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள். "இனிப்பா இருக்குப்பா" என்றாள். மறுநாள் காய்ச்சல் விட்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செபஸ்தியாரே என் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு சிட்டிகை கொடுத்தேன். பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். வேறு எதற்கு?

ஒரு வாரம் போயிருக்கும். ஜெசி சாப்பிட மாட்டேன் என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். வெளிக்குப் போகவில்லை. தின்ற கொஞ்சத்தையும் வாந்தி எடுத்தாள். மன்னார்குடிக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கி வந்தோம். மருந்தும் கொடுத்தேன், தூளும் கொடுத்தேன். வலி கூடக்கூட ஒரு சிட்டிகையை இரண்டாக்கினேன். பல் விளக்கிவிடும்போது பார்த்தேன், ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு. தேய்த்தேன். போகவில்லை. எனக்குப் பயம் வந்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

எதற்குப் பயம் தெரியுமா? நோய்க்கு இல்லை. செபஸ்தியாருக்கு.

பக்கத்து வீட்டு லூர்து அக்கா செபமாலை சொல்ல வந்தார். எப்போதும் கேலி பேசுகிறவர். உள்ளே வரும்போதே, "ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறான், இவன் வீட்டுச் செவுரப் பாரு, காரையா கொட்டுது" என்று சிரித்துக்கொண்டே வந்தார். ஜெசியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னடா சவரி, புள்ள இப்புடி வெளுத்துப் போய்க் கெடக்கு? செபஸ்தியாருக்கு ஏதாச்சும் நேந்துகிட்டு மறந்துட்டியா? அவருகிட்ட மட்டும் வெளயாடக் கூடாதுடா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"நல்லா யோசிச்சுப் பாரு."

யோசிக்க என்ன இருக்கிறது? அவர் தோலை உரித்தவன் நான். என் மகள் தோல் வெளுக்கிறது. வேலைக்குப் போன இடத்தில் ஏணியில் நின்றால் அந்தக் கண்ணாடிக் கண்தான் தெரியும். கோயில் பக்கமே போகப் பயந்து, வரப்பு வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். "சாமி, என்னை அடிங்க, பிள்ளையை விடுங்க" என்று வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அவரைச் சமாதானப்படுத்த அந்தத் தூளையே எடுத்து மறுபடியும் மகளுக்குக் கொடுத்தேன்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் ஸ்டெல்லா ஜெசிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று பிள்ளையின் கண் மேலே சொருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. ஸ்டெல்லா போட்ட சத்தத்தில் தெருவே ஓடி வந்தது. ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுகக் கதிர் சாய்ந்த வயல். நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கிளம்பும் அவசரத்திலும் டப்பாவிலிருந்து கொஞ்சம் தூளைப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அங்கே மருந்து ஏற்றினார்கள். இழுப்பு நின்றது. ஆனால் ஜெசி கண்ணைத் திறந்தால் யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள். என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. டாக்டரம்மா இளம் வயது. ஈறைப் பார்த்தார். உடனே வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மறுநாள் முற்பகல் என்னை மட்டும் கூப்பிட்டார். படத்தை வெளிச்சத்தில் மாட்டியிருந்தார். கறுப்பு வயிற்றுக்குள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நொய்யரிசியை இறைத்த மாதிரி.

"அப்பா, இங்க பாருங்க. புள்ள எதையோ சாப்ட்டிருக்கா. மண்ணு தின்னுவாளா?"

"இல்லீங்கம்மா."

"சுண்ணாம்பு? செவுத்துப் பெயிண்ட்? நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கலைங்கம்மா."

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ரத்தம் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன், வர நேரமாகும். அதுக்குள்ள மறுபடி இழுத்துச்சுன்னா கஷ்டம்."

நான் இல்லை என்றே சொன்னேன். சொன்னால் என்ன ஆகும்? ஃபாதருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். சாமியைச் சுரண்டினவன் என்று என் பிள்ளை காலம் முழுக்கக் கேட்க வேண்டும். அது மட்டும் இல்லை. மந்திரித்த பொருள் கெடுதல் செய்யும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. நான் கொடுத்தது மருந்து. அதை எதற்கு அவரிடம் சொல்ல வேண்டும்?

வெளியே வந்தேன். வராந்தா கோடியில் குடிதண்ணீர்க் குழாய். ஜெசியின் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, இருந்த தூள் முழுவதையும் கொட்டினேன். இதுதான் கடைசி, இதில் குணமாகிவிட வேண்டும் என்று. டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு முட்டி போட்டேன். ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். எனக்கு வெட்கம் இல்லை. அதுவரை நான் செபஸ்தியாரிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தேன், பயத்தினால். அன்று என்னமோ நேரே இயேசுவிடம் பேசினேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியலை. நான் குருடன். என்ன செய்யணும்னு எனக்குக் காட்டுங்க" என்று அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் செபம் வரவில்லை.

எழுந்து டம்ளரை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. தூள் அடியில் போய்ப் படிந்திருந்தது. வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நொய்யரிசியை இறைத்த மாதிரி.

பிள்ளைகளே, நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சற்று முன்னால் பார்த்த படம் டம்ளருக்குள் இருந்தது. என் மகள் வயிற்றில் கிடப்பது இதுதான். யாரும் தண்டிக்கவில்லை. யாரும் கோபப்படவில்லை. நான்தான். என் கையால். தினமும். செபம் சொல்லிச் சொல்லி.

பக்கத்தில் கைகழுவும் தொட்டி. ஊற்றிவிடு என்றது மனசு. ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது, இனிமேல் கொடுக்காமல் இருந்தால் போதும். டம்ளரைச் சாய்க்கக்கூடச் சாய்த்தேன். ஆனால் கேட்டதை ஆண்டவர் காட்டிவிட்டாரே, இப்போது அவர் முன்னால் இதை எப்படி ஊற்றுவது என்று தோன்றியது. அந்த நினைப்பு என்னுடையது இல்லை. எனக்கு அவ்வளவு நல்ல நினைப்பு அன்று வந்திருக்காது. "ஆண்டவரே, காலை மட்டும் நடக்க வைங்க" என்றேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். டாக்டரம்மா மேசையில் வைத்தேன்.

"இதத்தாங்கம்மா குடுத்தேன். கோயில் சுரூபத்துலேருந்து சுரண்டுன பழைய பெயிண்ட். ரெண்டு வாரமாக் குடுத்தேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று கத்தினார். பிறகு உடனே எழுந்து யாருக்கோ போன் போட்டார். பழைய காலத்து வெள்ளை வர்ணத்திலும் சிவப்பு வர்ணத்திலும் ஈயம் இருக்கும் என்றும், அது விஷம் என்றும், மூளை வரைக்கும் ஏறிவிட்டது என்றும் அப்போதுதான் எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "கீழ ஊத்தாமக் கொண்டாந்தீங்களே. நான் சந்தேகப்பட்டது சரிதான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், இப்பவே ஆரம்பிச்சுடலாம்."

கதவருகில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"தானா உதுந்ததுன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"சுரண்டுனேன்."

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்று நாளை எப்படிச் சொல்வேன்? ஈயத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மருந்து என்று ஊசி மேல் ஊசி போட்டார்கள். வலி தாங்காமல் பிள்ளை முனகும். நினைவு இல்லாமலே முனகும். இன்னும் ஒரு தடவை இழுத்தது. பிழைத்தாலும் பேச்சு எப்படி இருக்குமோ, நடை எப்படி இருக்குமோ, இப்போது சொல்ல முடியாது என்றார்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு "இயேசுவே, இயேசுவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு விடும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று. நான் நிறுத்தினால் அவள் மூச்சும் நின்றுவிடும் என்று பயம்.

கொடியேற்றத்தன்று காலையில் ஃபாதர் வந்தார். நான் அவர் காலில் விழப்போனேன். பிடித்து நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். தாழ் போட்டது, பொய் சொன்னது, டப்பா, ஒன்றும் விடவில்லை.

"சாமி என்னைத் தண்டிச்சுட்டாருங்க ஃபாதர்" என்றேன்.

"அம்பு வாங்குனவருய்யா அவரு, அம்பு வுட்டவரா? ஒரு புள்ளையப் போய் அடிப்பாரா?" ஃபாதர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "தப்பு என் பேர்லயும் இருக்கு சவரி. சுரண்டக் கூடாதுன்னு சொன்னேன், ஏன்னு சொல்லல. வீட்டுக்கு வீடு எல்லாத்தையும் கரைச்சுக் குடுக்குறாங்கன்னு எனக்கும் தெரியும். நான் ஒரு பூசையிலயாவது அதப் பத்திப் பேசியிருக்கணும்."

என் பாவத்துக்கு மன்னிப்புக் கொடுத்தார். ஜெசி நெற்றியில் சிலுவை போட்டார். அன்று மத்தியானம் எங்கள் ஊர்க் கோயிலில் சனங்கள் எல்லாரும் கூடி ஜெசிக்காக மன்றாடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஸ்டெல்லா போனில் லூர்து அக்காவிடம் சொல்லியிருந்ததால், நான் செய்தது அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மன்றாடினார்கள். லூர்து அக்காதான் முதலில் முட்டி போட்டாராம்.

மறுநாள் காலை. நர்ஸ் ஊசியோடு வந்தார். ஜெசி கண்ணைத் திறந்தாள். நர்ஸைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இந்த அக்காவப் போகச் சொல்லு."

அப்பா என்றாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நர்ஸ் சிரித்துவிட்டு, "போறேன்டி, ஒரே ஒரு ஊசி போட்டுட்டு" என்றார். ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்து அழுதாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை, "தோத்திரம் சொல்லுங்க" என்பதுதான். சொன்னேன்.

வீடு திரும்ப வெகு நாள் ஆனது. மருந்து பல மாதம் தொடர்ந்தது. முதலில் நடக்கத் தடுமாறினாள். இப்போது ஓடுகிறாள். எழுத்துதான் இன்னும் கொஞ்சம் மெதுவாக வருகிறது. ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், என் உடம்பிலும் ஈயம் ஏறியிருந்தது. இப்போது பழைய சுவர் என்றால் மூக்கைக் கட்டாமல், தண்ணீர் தெளிக்காமல் கை வைக்க மாட்டேன். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மந்திரித்த பொருள் கும்பிடத்தான், தின்ன இல்லை என்று நானே எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள். பரவாயில்லை.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. இந்த வருடம் ஜெசி முதல் நன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை, வாங்கப் போகிறாள். போன வாரம் அதற்கான வகுப்பிலிருந்து வந்தவள், "அப்பா, சின்ன வயசுல எனக்கு ஏன் அப்புடி ஆச்சு?" என்று கேட்டாள். ஊரில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா முன்னால் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. மனசுக்குள் ஒரு வார்த்தை செபம் சொல்லிவிட்டு, "நான்தாம்மா குடுத்தேன்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியாதும்மா. ஆனா கேட்டப்ப பொய் சொன்னேன். அது தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அப்பறம் சொல்லிட்டல்ல?"

"சொல்லிட்டேன்."

"சரி, அப்ப விடு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். இது பயத்தில் அழுத அழுகை இல்லை.

பிள்ளைகளே, நீங்களும் எதையாவது செய்துவிட்டு, சொல்லப் பயந்துகொண்டு இருக்கலாம். சாமி கண்ணைக் குத்திவிடும் என்று நினைத்துக்கொண்டு இருக்கலாம். அவர் குத்த மாட்டார். "எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள், காட்டுவார். காட்டிய பிறகு நடக்கக் கால் வராது. அதையும் அவரிடமே கேளுங்கள். பிறகு எழுந்து போய், அம்மாவிடமோ அப்பாவிடமோ டீச்சரிடமோ உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். இன்றைக்கே போங்கள்.